நாற்பது நிமிடப் பாடமும் மூன்று பாய்களும்: எங்களுக்குப் பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கும், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்குப் பாடத்திட்டம் எழுதுவோருக்கும்,

வணக்கம். நான் அந்தப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூரைத் தாண்டி ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போய்வந்தேன். பள்ளியின் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் யாராவது விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். அதற்குப் பதில் எழுதுகிற வேலை, அந்தப் பள்ளியில் என்னைப் பார்த்துக்கொண்ட என் வழிகாட்டி ஆசிரியர் தலையில் விழும். அவருக்கு ஏற்கெனவே எழுத நிறைய இருக்கிறது.

முதலில் என் தெர்மாகோல் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாடம், இரண்டாம் வகுப்புக் கணக்கு, வடிவங்கள். கோளம், கூம்பு, உருளை என்று மூன்றையும் தெர்மாகோலில் வெட்டி, பளபளப்புத் தாள் ஒட்டி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தேன். வெட்டியதில் பாதி என் அண்ணன். பாடக்குறிப்பில் ஆயத்தப்படுத்துதல் ஐந்து நிமிடம், அறிமுகம் ஐந்து, விளக்கம் பதினைந்து, வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி என்று நாற்பது நிமிடத்துக்குக் கட்டம் போட்டிருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குறிப்புதான்.

பதினோராவது நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது. கோளம் எது என்று கேட்டேன், காட்டினார்கள். உருளை எது என்று கேட்டேன், காட்டினார்கள். "உருளைன்னா கேஸ் சிலிண்டர், கூம்புன்னா புஸ்வாணம்" என்று ஒருவன் எனக்கே பாடம் எடுத்தான். பட்டாசு ஊர்ப் பிள்ளையிடம் போய்க் கூம்பு என்றால் என்ன என்று கேட்ட என்னைச் சொல்ல வேண்டும். மீதி இருபத்தொன்பது நிமிடம். அதற்குள் பக்கத்துப் பாயில் இருந்த ஒன்றாம் வகுப்பு என் கோளத்தைக் கைப்பற்றிவிட்டது. வெள்ளை மணிகள் அறை முழுக்கப் பறந்து, சத்துணவு நேரம் வரைக்கும் எல்லார் தலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்துப் பாய் என்று சொன்னேன் அல்லவா, இந்த மடலே அதைப் பற்றித்தான்.

அந்தப் பள்ளியில் மொத்தம் 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நான்கையும் ஐந்தையும் தலைமை ஆசிரியர் வைத்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகளின் 23 பிள்ளைகளும் இன்னோர் அறையில், வகுப்புக்கு ஒரு பாய். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் இதில் பிழை எதுவும் இல்லை. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்றுதான் அது சொல்கிறது. ஆனால் வகுப்பு ஐந்து இருக்கிறதே. ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி வரும். அந்த மீதியில்தான் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள்.

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் நாங்கள் எடுத்துப் பழகிய பாடங்கள் எல்லாம் ஒரே வகுப்புக்கு உரியவை. சக மாணவிகள் பிள்ளைகளாக உட்கார்ந்து நடிப்பார்கள். ஒருத்தி அழுவது போலக்கூட நடித்தாள். ஆனால் மூன்று வகுப்பாக யாரும் உட்காரவில்லை. இரண்டாம் வகுப்புக்கு நான் கூம்பைக் காட்டும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்துகொண்டிருக்க வேண்டும், மூன்றாம் வகுப்பின் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுத என் பாடக்குறிப்பில் ஒரு கட்டம்கூட இல்லை. உலகத்தில் வேறு பிள்ளைகளே இல்லை என்பது போல அது எழுதப்பட்டிருந்தது.

இதை நீங்கள் அறியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. என் வழிகாட்டி ஆசிரியர் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பணியில் இருப்பவர். அந்த அறையின் சுவரில், தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை, மூன்று பக்கமும் கரும்பலகை ஓடுகிறது. "இது என்ன டீச்சர்?" என்று கேட்டேன். செயல்வழிக் கற்றல் வந்தபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் என்று அடித்த கீழ்மட்டக் கரும்பலகை என்றார். ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையை எடுத்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஒன்று முதல் நான்கு வரை ஒரே அறையில் கலந்து உட்காருவார்கள். பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப்படி என்ற படத்தில் தன் அட்டை எது என்று பார்த்துப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். அப்புறம் 2012-இல், வருடத்துப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

ஆக, இருபது வருடமாக இந்த மாநிலத்துப் பள்ளிகள், ஒரே அறையில் பல வகுப்பு, ஒரே வகுப்பில் பல நிலை என்பதை வைத்துத்தான் திட்டம் போடுகின்றன. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்புகிற இடத்தில் மட்டும் இன்னும் நாற்பது பேரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

செயல்வழிக் கற்றல் பற்றி எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி உண்டு. நன்றாகவே எழுதுவேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால், 2025-க்குள் எட்டு வயது நிரம்பும் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளும் வரிசை மாறாமல் வரும். மூன்றாவது பாயில் இருவர் பென்சிலுக்குச் சண்டை போடும்போது முதல் பாயில் பாதியில் நிற்கிற கதையை என்ன செய்வது என்பதுதான் வரவில்லை.

அதை என் வழிகாட்டி ஆசிரியர் எப்படிச் செய்கிறார் என்று நான் நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உற்றுநோக்கல் பதிவேட்டில் இதற்கு இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். அவர் அறையின் நடுவில் நிற்பதே இல்லை. ஜன்னல் ஓர மூலையில் ஒரு முக்காலி. அங்கே உட்கார்ந்தால் மூன்று பாயும் ஒரே பார்வையில் விழும். காலையில் மூன்றாம் வகுப்புக்கு முதலில் வேலை கொடுத்துவிடுவார். அதுவும் இருவர் இருவராகச் செய்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிற மாதிரி. அப்புறம் இரண்டாம் வகுப்புக்கு ஈர்க்குச்சிக் கட்டு. இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒன்றாம் வகுப்புப் பக்கம் திரும்புவார். சந்தேகம் என்றால் முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், அவருக்கும் தெரியாவிட்டால்தான் டீச்சரிடம் வரலாம் என்பது சட்டம். முடித்தவர்களுக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் அந்தக் காலத்துச் செயல்வழிக் கற்றல் அட்டைகள், ஓரமெல்லாம் தேய்ந்துபோய். முடித்தவன் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். "சும்மா இருக்கிற பிள்ளதாம்மா சண்டைக்குப் போகும்" என்றார்.

முக்காலியை எங்கே போடுவது என்று எனக்கு இரண்டு வருடத்தில் யாரும் சொல்லவில்லை, அய்யா.

சரி, பாய்களை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். நூற்று ஏழு எழுதச் சொன்னால் 1007 என்று எழுதினான். நூற்றுப் பன்னிரண்டுக்கு 10012. நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். சரியான விடையை எழுதி, அதை ஐந்து முறை எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தான். அடுத்த நாள் நூற்று ஒன்பது என்றேன். 1009.

அன்று மாலை அந்த நோட்டை வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டி, "எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது டீச்சர்" என்றேன். அவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "நூறை எப்படி எழுதுவே? ஏழை எப்படி எழுதுவே? அவன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான். நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கான்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் காதில் விழுந்தது நூறு, ஏழு. அவன் எழுதியது 100, 7. அவன் பக்கம் நியாயம் இருந்தது. நான் போட்ட சிவப்புக் குறிதான் எதையும் பார்க்காமல் போட்டது.

பிறகு, வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையை வெட்டினோம். 100 என்று மூன்று கட்ட நீளத்தில் ஓர் அட்டை. 10, 20, 30 என்று இரண்டு கட்டத்தில். 1 முதல் 9 வரை ஒரு கட்டத்தில். 100 அட்டையின் கடைசிப் பூச்சியத்தின் மேல் 7-ஐ வைத்தால் 107. எடுத்தால் அடியில் பூச்சியம் அப்படியே இருக்கும். அவன் அந்த ஏழை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒரு கால் மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தான். பூச்சியம் ஓடிவிடவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது போல. செலவு ஒன்றுமில்லை. என் தெர்மாகோலுக்கும் பளபளப்புத் தாளுக்கும் 140 ரூபாய்.

நம் மொழியின் எண்ணுப்பெயர்களே பிள்ளைகளை எங்கெங்கே தடுக்கின்றன என்று ஒரு பாடம் வைத்திருக்கலாம் நீங்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் எண்ணிக்கொண்டே வருவாள்: எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எழுபத்திப்பத்து. நிறுத்தவே மாட்டாள், எழுபத்திப் பதினொன்று வரைக்கும் போவாள். அவளுக்கு விதி தெரிந்திருக்கிறது. எங்கே மாற வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் இன்னும் சிக்கல். இருபது, முப்பது, நாற்பது என்று வரிசையாக வந்துவிட்டு, திடீரென்று தொண்ணூறு என்கிறோம். தொண்ணூறில் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. "தொண்ணூறு பெருசா, நூறு பெருசா?" என்று கேட்டதற்கு அதே பெண், "தொண்ணூறுதான். அதுல நூறும் இருக்கு, இன்னும் கொஞ்சமும் இருக்கு" என்றாள். இருபது வருடமாகத் தமிழ் பேசுகிறேன், ஒரு நாளும் எனக்கு இது காதில் விழுந்ததில்லை.

படிப்பு விஷயத்தில் நான் ஏமாந்தது இன்னும் மோசம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடப்புத்தகத்தை விரல் வைத்துக் கடகடவென்று படிப்பான். முதல் வாரம் அவனைத்தான் எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டினேன். இரண்டாவது வாரம், அவன் வாய் நான்காவது வரியில் இருக்கும்போது விரல் மூன்றாவது வரியில் இருப்பதைப் பார்த்தேன். "நடுவுல இருந்து கேட்டுப் பாரு" என்றார் வழிகாட்டி ஆசிரியர். ஒரு வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி இது என்ன என்றேன். அவன் வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தான். பாடம் முழுக்க மனப்பாடம். அக்கா ஐந்தாம் வகுப்பு. அவள் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே வந்துவிட்டது.

எழுத்துத் தெரியாதவனும் இல்லை. உயிர், மெய், அகர வரிசை எல்லாம் சொல்கிறான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வந்தால் விழுகிறான். 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. ஒலியிலோ அது க-வுக்குப் பின்னால் வருகிறது. போதாததற்கு அந்தப் பக்கம் ஒரு கால் வேறு. அவன் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் போகிறான், எழுத்துதான் அப்படிப் போகவில்லை. கொம்பைப் பார்த்தால் நின்று, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கு அடுத்து கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, அப்புறம் வாயைத் திற என்று பழக்கினோம். பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளில் என் பாடக்குறிப்புப்படி நான் முடித்திருக்க வேண்டிய பாடங்கள் முடியவில்லை. பதிவேட்டில் முடிந்ததாக எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் மதிப்பெண் குறைத்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள இன்னும் இரண்டு இருக்கின்றன.

எங்கள் பக்கம் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்வோம். என் அம்மாவும் அப்படித்தான், நானும் வீட்டில் அப்படித்தான். பயிற்சியில் உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு என்பதால் நான் ழகரத்தில் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவள், "எங்கப்பா பளம் வாங்கியாந்தாரு" என்று தொடங்கினாள். நான் நிறுத்தி, 'பழம்' சொல்லு என்றேன். சொன்னாள். மறுபடி சொல்லு என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் எதையுமே சொல்லவில்லை. அவள் அப்பா வேலைக்குப் போய்ப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறவர் என்று பிறகு தெரிந்தது. அவள் சொல்ல வந்தது பழத்தைப் பற்றியே இல்லை.

இன்னொன்று, ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பரபரப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, வந்த பாதியும் இங்கே இல்லை. வழிகாட்டி ஆசிரியரை ஏதோ கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மூன்று பாயும் என் தலையில். மதியம் இரண்டரை மணி, தகரம் வேய்ந்த வராந்தாவிலிருந்து அனல் உள்ளே அடிக்கிறது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. மர ஸ்கேலை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். ஸ்கேல் இரண்டாக உடைந்தது. அறை அமைதியானது, நான் நினைத்தது நடந்தது. முதல் பாயில் ஒரு பையன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக் குனிந்துகொண்டான். நான் அவனை அடிக்கவில்லை, அடிக்கப் போகவும் இல்லை. ஆனால் அவன் கை எவ்வளவு பழக்கமாக மேலே போயிற்று என்பதைப் பார்த்தேன்.

கல்வி உரிமைச் சட்டம் பதினேழாவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள், நான் தேர்விலும் எழுதினேன். அடிக்காமல் இரண்டரை மணியை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுத்தீர்களா? என் வழிகாட்டி ஆசிரியர் அந்த நேரத்துக்குக் கணக்கே வைப்பதில்லை. பாட்டு, அல்லது வேப்பமரத்தடி, அல்லது களிமண். நான் கால அட்டவணைப்படி கழித்தல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் பார்வையிட வந்த நாளைப் பற்றி. உங்களில் யார் வந்தார் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் முன்பே தகவல் வந்துவிட்டது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முந்தின நாளே அந்தப் பாடத்தை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்குவது என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்துவிட்டேன். ஒன்றையும் மூன்றையும் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பிவிட்டோம், இரண்டாம் வகுப்பு மட்டும் அழகாக உட்கார்ந்திருந்தது. நீங்கள் வந்தீர்கள். சார்ட்டைப் பார்த்தீர்கள், எழுத்து பெரிதாக இருக்கிறது, நல்லது என்றீர்கள். நான் ஆயத்தப்படுத்துதலைத் தொடங்கி, "இன்று நாம் என்ன படிக்கப் போகிறோம் தெரியுமா?" என்று முகத்தில் ஆர்வத்தை வரவழைத்துக் கேட்டேன். முன்னால் இருந்த ஒருத்தி, "இதத்தான் நேத்தே படிச்சிட்டோமே டீச்சர்" என்றாள்.

நீங்கள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தீர்களோ, தெரியவில்லை. பதினைந்து நிமிடத்தில் கிளம்பினீர்கள், நல்ல மதிப்பெண். அன்று எந்தப் பிள்ளையும் எதையும் புதிதாகக் கற்கவில்லை. 1007 எழுதிய பையன் அடுத்த அறையில்தான் இருந்தான்.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தோழிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். பாடக்குறிப்புக்கு ஒன்று, உற்றுநோக்கலுக்கு ஒன்று, தனியாள் ஆய்வுக்கு ஒன்று, செயலாராய்ச்சிக்கு ஒன்று, துணைக்கருவிக்கு ஒன்று, இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அட்டை, ஓரக்கோடு, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு. ராத்திரி பன்னிரண்டு வரை எழுதிவிட்டுக் காலையில் பிள்ளைகள் முன்னால் கொட்டாவி விட்டிருக்கிறேன். தனியாள் ஆய்வில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுத வேண்டும். குடும்பப் பின்னணி, பொருளாதார நிலை, உடல்நலம் எல்லாம் கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்கிறது, ஏன் அந்தத் தப்பு என்று கேட்க அதில் ஒரு பக்கமும் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முந்தின வருடத்துப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால், எல்லாப் பதிவேட்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். இடது பக்கம் பிள்ளை எழுதியது, அப்படியே, தப்போடு. வலது பக்கம், அது ஏன் அப்படி எழுதியிருக்கும் என்று நான் நினைப்பது, அடுத்த நாள் நான் செய்து பார்த்தது. ஓரக்கோடு வேண்டாம். நீங்கள் வரும்போது சார்ட்டை விட்டுவிட்டு அந்த நோட்டையும் பிள்ளைகளின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம் போதாது, அரை நாள் இருங்கள். சொல்லாமல் வாருங்கள். மூன்று பாயும் இருக்கும்போது வாருங்கள். காலை எட்டரைக்கே வந்தால் இன்னும் நல்லது. காலை உணவு எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவாக்கியபோது வந்தது. அதற்கு முன் முதல் பாடவேளையில் பாதிப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்திருப்பார்கள் என்றார் வழிகாட்டி ஆசிரியர். பட்டாசு ஆலை வேன் விடிகாலையிலேயே வந்துவிடும், அம்மா சமைத்தால் உண்டு. இப்போது புதன்கிழமைப் பொங்கலுக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. 23 பேரில் நான்கு பேர் வரவில்லை, எத்தனை தட்டு எடுக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பு சண்டை போடுகிறது. நான் எடுத்த எந்தக் கழித்தல் பாடமும் அந்தத் தட்டுக் கணக்குக்குக் கிட்டே வராது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி இந்தப் படிப்பில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். காலம் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. அதைத் துண்டு போடாதீர்கள் என்கிறேன். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிந்து, யாருக்கு எந்த இடத்தில் முட்டுகிறது என்று தெரிகிற நேரத்தில் வேறு பள்ளிக்கு மாற்றினால், அங்கே மறுபடி கோளம், கூம்பு, உருளைதான். மதிப்பெண்ணில் பாதியை வழிகாட்டி ஆசிரியர் கையில் கொடுங்கள். அவர் தயவுதாட்சண்யம் பார்ப்பார் என்று பயப்பட வேண்டாம். என் ஸ்கேல் உடைந்த கதையைக் கேட்டுவிட்டு என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசாதவர் அவர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வருடத்தில் உங்களில் ஒருவர்கூட, நிஜமான பிள்ளைகளை வைத்து, எங்கள் கண்முன்னால் ஒரு பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னீர்கள், நான் எடுத்ததில் என்ன குறை என்று சொன்னீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தில் ஏதாவது ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு எங்களைக் கூட்டிப்போய், ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் இருக்கிற அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்கள் எடுங்கள். சொதப்பினாலும் பரவாயில்லை. சொதப்பினால் எங்களுக்கு இன்னும் நல்லது. அந்த இரண்டரை மணிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

என் கடைசி நாளன்று மூன்றாம் வகுப்புக்கு ஆயிரத்தைத் தாண்டிய எண்களைச் சும்மா தொட்டுக் காட்டினேன். நான்கு கட்டத்தில் 1000 என்று புதிதாக ஓர் அட்டை வெட்டியிருந்தேன். அந்தப் பையனிடம் 7 அட்டையைக் கொடுத்து, ஆயிரத்து ஏழு வை என்றேன். கடைசிப் பூச்சியத்தின் மேல் வைத்தான். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பையைத் துழாவி, பழைய நோட்டை எடுத்து, ஜூலை மாதப் பக்கத்தைத் திருப்பி, என் சிவப்புக் குறியில் விரலை வைத்தான்.

"இதத்தான டீச்சர் அன்னிக்கித் தப்புன்னீங்க?"

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவ ஆசிரியை ஒருத்தி,
விருதுநகர் மாவட்டம்.